நிழலை வைத்துப் பூமியை அளக்கலாம், வா!



பூமியின் தலையிலிருந்து கால்வரை ஒரு சுற்று சுற்றி வர ஒரு கயிறு கட்டினால், அந்தக் கயிறு எவ்வளவு நீளம் இருக்கும்? பாடப் புத்தகத்தைப் புரட்டினால் விடை கிடைத்துவிடும். சுமார் 40,000 கிலோமீட்டர்.

ஆனால் நீ சும்மா இருக்கிற ஆளா? "அதை யார் அளந்தார்கள்? எப்படி அளந்தார்கள்? நான் அளந்து பார்க்க முடியுமா?" என்று கேட்பாய். சபாஷ்! அப்படித்தான் கேட்க வேண்டும்.

முடியும், கண்ணு. சென்னை அசோக் நகரில் உன் பள்ளி மொட்டை மாடியில் நின்றுகொண்டே முடியும். ஒரு மீட்டர் உயரக் கம்பு, ஒரு அளவுகோல், ஒரு பென்சில் இருந்தால் போதும். இவற்றோடு இன்னொன்றும் வேண்டும். வெகு தூரத்து ஊரில், இன்னொரு பள்ளியில், உன்னைப் போலவே கையில் கம்பு வைத்துக்கொண்டு ஒரு நண்பர் நிற்க வேண்டும்.

அது ஏன் என்று பார்ப்போம், வா.

கிணற்றுக்குள் எட்டிப் பார்த்த சூரியன்

சுமார் 2,250 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் அலெக்சாண்டிரியா என்ற நகரில் எரட்டோஸ்தனீஸ் என்றொரு அறிஞர் இருந்தார். அங்கே இருந்த மாபெரும் நூலகத்துக்கு அவர்தான் தலைவர். உன்னைப் போலவே கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவர்.

அவர் காதுக்கு ஒரு சேதி வந்தது. தெற்கே சையீன் என்ற ஊரில், ஆண்டில் ஒரு நாள் நண்பகலில், சூரியன் நேராகக் கிணற்றின் அடிவரைக்கும் எட்டிப் பார்க்கிறதாம். அந்த ஊருக்கு இன்று அஸ்வான் என்று பெயர். வெளிச்சம் கிணற்றின் அடிவரை போகிறது என்றால் சூரியன் உச்சந்தலைக்கு மேலே இருக்கிறது என்று அர்த்தம். அப்போது அங்கே நட்டு வைத்த கம்புக்கு நிழலே இருக்காது.

ஆனால் அதே நாளில் அலெக்சாண்டிரியாவில் கம்புக்கு நிழல் விழுந்தது! அவர் அளந்து பார்த்தார். சூரியன் உச்சியிலிருந்து 7.2 டிகிரி சாய்ந்திருந்தது. ஒரு முழு வட்டத்துக்கு 360 டிகிரி. 360ஐ 7.2 ஆல் வகுத்துப் பார். 50 வரும். அப்படியானால் இரண்டு ஊர்களுக்கும் இடையே உள்ள தூரம், பூமியின் சுற்றளவில் 50இல் ஒரு பங்கு. தூரத்தை 50ஆல் பெருக்கினார். விடை கிடைத்துவிட்டது.

புரிந்ததா? கொஞ்சம் மங்கலாக இருந்தால் கவலைப்படாதே. கையால் செய்து பார்த்தால் பளிச்சென்று புரிந்துவிடும்.

ஒரு சாத்துக்குடி, இரண்டு குண்டூசி

வீட்டில் அம்மாவிடம் கேட்டு ஒரு சாத்துக்குடி வாங்கிக்கொள். அதில் இரண்டு குண்டூசிகளைக் குத்து. இரண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி இருக்கட்டும். இரண்டுமே பழத்தின் மையத்தைப் பார்த்து நேராக நிற்க வேண்டும்.

இப்போது வெயிலுக்குப் போ. சூரியனைப் பார்க்காதே, பழத்தை மட்டும் பார். மெல்லத் திருப்பு. ஒரு குண்டூசியின் நிழல் குட்டையாகிக்கொண்டே வந்து, அதன் தலைக்கு அடியிலேயே ஒளிந்துகொள்ளும். அங்கேயே நிறுத்து. மற்றக் குண்டூசியைப் பார். அதற்கு நிழல் இருக்கிறது, இல்லையா?

சூரியன் நம்மிடமிருந்து சுமார் 15 கோடி கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அவ்வளவு தூரத்திலிருந்து வருகிற கதிர்கள் நம்மிடம் வந்து சேரும்போது ஏறக்குறைய இணைகோடுகளாகவே வருகின்றன. கதிர் சாயவில்லை. பழம் வளைந்திருக்கிறது. அதனால்தான் ஒரு குண்டூசிக்கு நிழல் இல்லை, இன்னொன்றுக்கு இருக்கிறது. அந்த நிழல் காட்டுகிற கோணமும், பழத்தின் மையத்தில் இரண்டு குண்டூசிகளுக்கும் இடையே உள்ள கோணமும் ஒன்றே.

ஒரே ஒரு குண்டூசியை வைத்து இதைக் கண்டுபிடிக்க முடியுமா? யோசித்துப் பார். முடியாது. ஓர் ஊரில் நின்றுகொண்டு எத்தனை முறை அளந்தாலும் பூமியின் வளைவு பிடிபடாது. இரண்டு ஊர் வேண்டும். இரண்டு ஊரிலும் அளக்க ஆள் வேண்டும்.

நம் ஊருக்கும் அந்த நாள் வரும்

சையீனுக்கு மட்டும்தான் அந்தப் பெருமையா? இல்லவே இல்லை. நம் சென்னைக்கு ஆண்டில் இரண்டு நாள் அந்த வாய்ப்பு வருகிறது. ஏப்ரல் 24ஐ ஒட்டி ஒன்று. ஆகஸ்ட் 18ஐ ஒட்டி ஒன்று. நிழலில்லா நாள் என்று இதைச் சொல்வார்கள்.

மார்ச் 21ஆம் தேதிவாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே இருக்கும். அதன்பின் நாளுக்கு நாள் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே வரும். ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் கன்னியாகுமரிக்கு நேர் மேலே. ஏப்ரல் 24 வாக்கில் சென்னைக்கு. ஜூன் 21இல் கடக ரேகையைத் தொட்டுவிட்டு மறுபடியும் தெற்கே திரும்பும். திரும்பி வரும் வழியில்தான் ஆகஸ்ட் 18.

ஏப்ரல் கடைசி என்றால் தேர்வும் விடுமுறையும் மாறி மாறி வரும். ஆகஸ்டில் பள்ளி இருக்கும். ஆகவே ஆகஸ்ட் 18ஐயே வைத்துக்கொள்வோம். அன்றைக்கு மதியம் 12 மணி 13 நிமிடத்தை ஒட்டி, நம் பகுதியில் இருக்கும் அசோக் பில்லர் தூணின் நிழல் அதன் காலடியிலேயே அடங்கிவிடும். உன் பள்ளிக் கொடிக்கம்பத்துக்கும் அதே கதைதான்.

"பன்னிரண்டு மணிக்குத்தானே சூரியன் உச்சிக்கு வர வேண்டும்? ஏன் 13 நிமிடம் தாமதம்?" என்று கேட்கிறாயா? கெட்டிக்காரி! கெட்டிக்காரன்! இந்தியா முழுவதுக்கும் ஒரே கடிகாரம். அந்தக் கடிகாரம் 82.5 டிகிரி தீர்க்கக்கோட்டை வைத்து ஓடுகிறது. நாம் அதற்குச் சற்று மேற்கே, சுமார் 80.2 டிகிரியில் இருக்கிறோம். அதனால் நமக்கு 9 நிமிடம் பிந்துகிறது. பூமி சூரியனைச் சுற்றும் பாதையாலும் அதன் சாய்வாலும் அந்த நாளில் இன்னொரு 4 நிமிடம் சேர்கிறது. இரண்டும் சேர்ந்தால் 13.

ஆக, அன்றைக்கு அசோக் நகர்தான் சையீன். மொட்டை மாடியில் ஒரு பிவிசி குழாயை நேராக நிறுத்தி வை. அதுதான் நம் கிணறு. உச்சி வேளையில் வெயில் குழாயின் சுவரில் படாமல் நேராக உள்ளே இறங்கி, அடியில் வட்டமாக விழும்.

பாதி வேலை முடிந்தது. அலெக்சாண்டிரியாவுக்கு எங்கே போவது?

பரங்கிமலையில் ஒரு சங்கிலி

அதற்கு முன் பக்கத்திலேயே நடந்த ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன்.

அசோக் நகரில் மெட்ரோ ஏறினால் ஈக்காட்டுத்தாங்கல், ஆலந்தூர், அடுத்தது பரங்கிமலை. அங்கே 1802 ஏப்ரல் 10ஆம் தேதி வில்லியம் லாம்டன் என்பவர் ஓர் அளவையைத் தொடங்கினார். பூமியின் வளைவில் ஒரு டிகிரிக்கு எத்தனை தூரம் என்று கண்டுபிடிப்பது அவருடைய ஆசைகளில் ஒன்று.

முதலில் தரையில் ஒரு நேர்கோடு. பரங்கிமலைக்கு அருகிலிருந்து தெற்கே சுமார் 12 கிலோமீட்டர். அவர் கையில் இருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. வெயில் பட்டால் எஃகு நீளும் அல்லவா? சங்கிலி நீண்டால் அளவு தப்பிவிடும். அதனால் சங்கிலியை மரப்பெட்டிகளுக்குள் கிடத்தி, வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்து அளந்தார்கள். 12 கிலோமீட்டரை அளக்க 57 நாள் ஆயிற்று!

இந்தியா முழுவதையும் அளந்த பெரும் அளவைப்பணிக்கு அந்தக் கோடுதான் ஆரம்பம். அந்தப் பணியில்தான் பின்னாளில் எவரெஸ்ட் சிகரத்தின் உயரமும் கணக்கிடப்பட்டது.

இதை ஏன் சொன்னேன் தெரியுமா? நாம் செய்யப்போகும் சோதனையில், ஊர்களுக்கு இடையே உள்ள தூரத்தை வரைபடத்திலிருந்து எடுத்துக்கொள்ளப் போகிறோம். அந்தத் தூரம் தானாக வரவில்லை. யாரோ ஒருவர் வெயிலில் நின்று, சங்கிலி பிடித்து, பொய் சொல்லாமல் அளந்ததால் வந்தது. தூரத்தை அவர்கள் கொடுத்துவிட்டார்கள். கோணத்தை நீ அளக்க வேண்டும்.

நண்பர் எவ்வளவு தூரமோ, அவ்வளவு நல்லது

இப்போது அலெக்சாண்டிரியாவைத் தேடுவோம். உலக வரைபடத்தை விரித்து வை.

யாழ்ப்பாணம் நமக்கு ஏறக்குறைய நேர் தெற்கே இருக்கிறது. தூரம் சுமார் 375 கிலோமீட்டர். அங்கே உன் நண்பர் 1 மீட்டர் கம்பை நட்டால், ஆகஸ்ட் 18 நண்பகலில் நிழல் 6 செ.மீ.க்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். அது சுமார் 3.4 டிகிரி. கணக்குப் போடு: 375ஐ 360ஆல் பெருக்கி 3.4ஆல் வகு. சுமார் 39,700 கிலோமீட்டர். அடடா, எவ்வளவு பக்கத்தில் வந்துவிட்டோம்!

ஆனால் ஒன்று. உன் நண்பர் அளக்கும்போது அரை சென்டிமீட்டர் தவறிவிட்டால்? கோணம் 3.1 டிகிரி ஆகிவிடும். விடை 43,500க்கு ஓடிவிடும். அரை சென்டிமீட்டர் பிழை பூமியை 3,800 கிலோமீட்டர் வீங்க வைத்துவிட்டது!

இன்னும் தூரமாகப் போவோம். சிங்கப்பூர். அங்கே தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்று. பள்ளியில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் நிறையப் பேர். உன் கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம்! வடக்கு தெற்காக மட்டும் பார்த்தால் அது நமக்குச் சுமார் 1,290 கிலோமீட்டர் தெற்கே இருக்கிறது. நிழல் 20.7 செ.மீ. வரும். கோணம் 11.7 டிகிரி. இங்கே அதே அரை சென்டிமீட்டர் பிழை வந்தால் விடை ஏறத்தாழ 1,000 கிலோமீட்டர்தான் மாறும்.

இன்னும் தூரம்? கனடாவில் டொரன்டோ. அங்கும் தமிழ்க் குடும்பங்கள் ஏராளம். இங்கும் வடக்கு தெற்காக மட்டும் பார்த்தால் நமக்கு வடக்கே சுமார் 3,400 கிலோமீட்டர். நிழல் சுமார் 59 செ.மீ. கோணம் 30.6 டிகிரி. அரை சென்டிமீட்டர் தவறினாலும் விடையில் 300 கிலோமீட்டர்கூட மாறாது.

கவனித்தாயா, கண்ணு? மூன்று இடத்திலும் பிழை ஒன்றுதான். நண்பர் தூரமாகப் போகப் போக அந்தப் பிழையின் ஆட்டம் அடங்கிவிடுகிறது. பக்கத்துத் தெரு நண்பனோடு சேர்ந்து இந்தக் கணக்கைப் போடவே முடியாது. பூமியை அளக்க வேண்டுமானால் தூரத்து நண்பர்தான் வேண்டும்.

இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அதே நாளில் யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் நிழல் தெற்கே விழும். டொரன்டோவில் வடக்கே விழும். நம் ஊரில் எந்தப் பக்கமும் விழாது. ஏன் என்று சாத்துக்குடியில் மூன்றாவது குண்டூசி குத்திப் பார்த்து நீயே கண்டுபிடி.

எண் எப்படிக் கடல் தாண்டுகிறது?

எரட்டோஸ்தனீஸ் காலத்தில் சேதி வர ஒட்டகம் வேண்டும், படகு வேண்டும். உனக்கு?

சிங்கப்பூர் மாணவி 20.7 என்று கணினியில் தட்டுகிறாள். அந்த எண் மின்குறியாகி, பிறகு ஒளித் துடிப்பாகி, கண்ணாடி இழைக்குள் நுழைகிறது. ஒவ்வோர் இழையும் தலைமுடி அளவு மெல்லியது. அப்படிப்பட்ட இழைகளை வைத்துப் பாதுகாப்பாகச் சுற்றிய கேபிள் கடலுக்கு அடியில் கிடக்கிறது. சென்னையையும் சிங்கப்பூரையும் நேராக இணைக்கிற அப்படியொரு கேபிள் 2002இல் வந்தது. பெயர் ஐ2ஐ. நீளம் சுமார் 3,200 கிலோமீட்டர். வங்கக் கடலின் அடியில் படுத்திருக்கிறது.

கண்ணாடி இழைக்குள் ஒளி ஒரு நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். அப்படியானால் 3,200 கிலோமீட்டரைக் கடக்க எவ்வளவு நேரம்? நீயே வகுத்துப் பார். ஒரு நொடியை ஆயிரம் துண்டாக்கினால் அதில் 16 துண்டு. நீ கண் இமைத்து முடிப்பதற்குள் எண் சென்னைக் கரையில் ஏறிவிடும்.

இவ்வளவு வேகம் இருந்தும் ஒரு சிக்கல் உண்டு. டொரன்டோவில் சூரியன் உச்சிக்கு வரும்போது அங்கே மதியம் 1.21. அப்போது அசோக் நகரில் இரவு 10.51. நீ தூங்கிக்கொண்டிருப்பாய்! வீடியோவில் பேசி ஒரே நேரத்தில் அளக்க வழியில்லை.

கவலை இல்லை. ஒரே நேரத்தில் அளக்க வேண்டிய அவசியமும் இல்லை. அவரவர் ஊர் நண்பகலில் அவரவர் அளந்தால் போதும். இடைப்பட்ட பத்தரை மணி நேரத்தில் சூரியன் துளி தெற்கே நகர்ந்திருக்கும். அந்தச் சின்னத் திருத்தத்தைப் பெரிய வகுப்புப் பிள்ளைகள் சேர்த்துக்கொள்ளலாம்.

அதனால்தான் வீடியோ அழைப்பைவிட, எல்லோரும் எழுதுகிற ஒரே பட்டியல் இந்த வேலைக்கு ரொம்ப உதவி. டீச்சர் இணையத்தில் ஒரு பட்டியல் திறந்து வைப்பார். நீ பகலில் எழுதுவாய். டொரன்டோ நண்பன் உன் இரவில் எழுதுவான். காலையில் எழுந்து பார்த்தால் அவன் எண் உனக்காகக் காத்திருக்கும்.

பட்டியலில் என்னென்ன கட்டம் வேண்டும்? பள்ளியின் ஊர். தேதி. நிழல் மிகக் குட்டையாக இருந்த நேரம். கம்பின் உயரம். நிழலின் நீளம். நிழல் விழுந்த திசை. வானம் எப்படி இருந்தது. அவ்வளவுதான்.

நேரத்தை மட்டும் உலகப் பொது நேரத்திலும் எழுதுங்கள். நம் நண்பகல் அதில் 6.43. சிங்கப்பூரின் நண்பகல் 5.09. இரண்டுக்கும் இடையே 94 நிமிடம். பூமி 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி சுழலும். 94ஐ 4ஆல் வகுத்தால் 23.5. நமக்கும் சிங்கப்பூருக்கும் தீர்க்கக்கோட்டில் எவ்வளவு வித்தியாசம் என்று வரைபடத்தில் பார். கிட்டத்தட்ட அதேதான்! பூமியின் அளவோடு அதன் சுழற்சியும் உங்கள் பட்டியலில் மாட்டிக்கொண்டது.

அலகிலும் கவனம் வேண்டும். ஒருவர் சென்டிமீட்டரில் எழுதி, இன்னொருவர் அங்குலத்தில் எழுதினால் என்ன ஆகும்? நாசா அனுப்பிய ஒரு செவ்வாய் விண்கலம் 1999இல் அப்படித்தான் தொலைந்துபோனது. ஒரு குழுவின் மென்பொருள் ஓர் அலகில் எண் கொடுத்தது. மற்றக் குழு அதை வேறு அலகு என்று எடுத்துக்கொண்டது. பெரியவர்களுக்கே அப்படி ஆகிறது என்றால் நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்! முதல் நாளே பேசி முடிவு செய்துவிடுங்கள். கம்பு 1 மீட்டர். நிழல் சென்டிமீட்டரில்.

மொட்டை மாடியில் என்ன செய்ய வேண்டும்?

இனி கம்பைக் கையில் எடு.

தரை சமமாக இருக்கிறதா என்று ரசமட்டம் வைத்துப் பார். கம்பு நேராக நிற்கிறதா என்று தெரிய, ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டிப் பக்கத்தில் தொங்கவிடு. கொத்தனார் தூக்குக்குண்டு வைத்திருப்பாரே, அதே வேலை. கம்பும் நூலும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். இரண்டு பக்கத்திலிருந்தும் பார்.

கம்பின் அடியில் வெள்ளைத் தாளை ஒட்டு. பகல் 11.50க்குத் தொடங்கி 12.35 வரை, 2 நிமிடத்துக்கு ஒரு முறை நிழலின் நுனியில் பென்சிலால் ஒரு புள்ளி வை. பக்கத்தில் நேரத்தை எழுது. கைபேசிக் கடிகாரம் இணையத்தோடு தானே சரிபார்த்துக்கொள்ளும் என்பதால் அதையே நம்பலாம்.

புள்ளி வைக்கக் குனியும்போது ஒன்றைக் கவனிப்பாய். நிழலின் நுனி கூர்மையாக இருக்காது. கறுப்பு முடிந்து வெளிச்சம் தொடங்கும் இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டை இருக்கும். 1 மீட்டர் கம்புக்கு அந்தப் பட்டை ஏறக்குறைய 1 செ.மீ. அகலம். உன் கண்ணில் கோளாறு ஒன்றும் இல்லை. வானத்தில் சூரியன் ஒரு புள்ளி அல்ல, அரை டிகிரி அகலமுள்ள வட்டம். வட்டத்தின் ஒரு விளிம்பு மறையும்போதும் மற்ற விளிம்பு வெளிச்சம் தருகிறது. அதனால்தான் அந்தச் சாம்பல் பட்டை. அதன் நடுவில் புள்ளி வை. எல்லா ஊர் நண்பர்களும் அப்படியே நடுவில் வைக்க வேண்டும் என்று முன்கூட்டியே எழுதிக்கொள்ளுங்கள்.

நமக்கும் நிழல் முற்றிலும் மறையாமல் ஓரிரு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கலாம். சூரியன் நம் மாடிக்குத் துல்லியமாக மேலே வர வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இருந்தால் இருக்கிறது என்று எழுது. பூஜ்ஜியம் என்று எழுதாதே.

நிழலைக் கோணமாக மாற்றத் தெரியாதா? நிழலும் கம்பும் செங்கோணத்தில் இருக்கும்படி நீளமான தாளில் வரைந்து, கோணமானி வைத்துப் பார்க்கலாம். பத்தாம் வகுப்பு அக்காவிடம் கேட்டால் கால்குலேட்டரில் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவாள்.

முக்கியமான விஷயம்: சூரியனை நேராக ஒருபோதும் பார்க்காதே. கறுப்புக் கண்ணாடி போட்டாலும் கூடாது. நமக்கு வேண்டியது எல்லாம் தரையில்தான் இருக்கிறது.

உன் எண் உன்னுடையதாக இருக்கட்டும்

ஒருவேளை சிங்கப்பூர் மாணவி 19.5 என்று எழுதிவிட்டாள். வரவேண்டியது 20.7 என்று உனக்குத் தெரியும். என்ன செய்வாய்? "மாற்றி எழுதிவிடு" என்று சொல்வாயா?

சொல்லக் கூடாது, கண்ணு. "கம்பு நேராக இருந்ததா? தரை சமமாக இருந்ததா? புள்ளியை எங்கே வைத்தாய்?" என்று கேள். அவளும் உன்னிடம் அப்படியே கேட்கட்டும். அப்போதுதான் தவறு எங்கே என்று தெரியும். விடை தெரிந்துகொண்டு எண்ணைத் திருத்தினால் கணக்கு அழகாக வரும், பூமியை மட்டும் அளந்திருக்க மாட்டோம்.

அன்றைக்கு மேகம் மூடிவிட்டால்? ஆகஸ்டில் அதுவும் நடக்கும். "மேகம், அளக்கவில்லை" என்று எழுது. அதுவும் ஒரு நேர்மையான பதிவு. மறுநாள் அளக்கலாம். ஒரு நாளில் சூரியன் தெற்கே ஒரு டிகிரியில் மூன்றில் ஒரு பங்குதான் நகரும். நீ, நண்பர் இருவருமே ஒரே தேதியில் அளந்து, இரண்டு கோணத்தின் வித்தியாசத்தை எடுத்தால் போதும். ஒரே பக்கம் நிழல் விழுந்தால் கழி. எதிரெதிர்ப் பக்கம் விழுந்தால் கூட்டு. இப்படிச் செய்தால் ஆண்டில் எந்த நாளும் இந்தச் சோதனைக்கு ஆகும்.

கேபிளும் கணினியும் எண்ணைக் கொண்டுபோகும். அது உண்மையான எண்ணா என்று அவற்றுக்குத் தெரியாது. அந்த உண்மை உன் கையில்தான் இருக்கிறது.

உலகம் முழுக்க உன் தோழர்கள்

இதைச் செய்கிற முதல் ஆள் நீ இல்லை என்பது நல்ல சேதி. பிரான்சில் பள்ளிகளுக்காக 2000ஆம் ஆண்டில் எரட்டோஸ்தனீஸ் வழியில் ஒரு திட்டம் தொடங்கினார்கள். பல நாட்டுப் பிள்ளைகள் நிழலை அளந்து, இணையத்தில் எண்களைப் பரிமாறிக்கொண்டார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் ஸ்டீவன்ஸ் தொழில்நுட்பக் கழகமும் இதே போல ஒரு நண்பகல் திட்டத்தைப் பள்ளிகளுக்காக நடத்தியது. நம் நாட்டில் இந்திய வானியல் கழகத்தின் பரப்புரைக் குழு, எந்த ஊருக்கு எந்த நாள் நிழலில்லா நாள் என்று சொல்லும் செயலியை உருவாக்கியிருக்கிறது.

நிழலோடு நிற்க வேண்டாம். குளோப் என்றொரு உலகத் திட்டம் 1995இல் தொடங்கியது. 2000ஆம் ஆண்டிலிருந்து இந்தியாவும் அதில் இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் தங்கள் ஊர் மழை, வெப்பநிலை, மேகம், மண் ஆகியவற்றை அளந்து உலகப் பட்டியலில் எழுதுகிறார்கள். விஞ்ஞானிகளும் அந்த எண்களைப் பயன்படுத்துகிறார்கள். அங்கேயும் அதே விதிதான். எல்லோரும் ஒரே முறையில் அளக்க வேண்டும். செயற்கைக்கோள் மேலிருந்து மேகத்தைப் பார்க்கும். கீழிருந்து பார்த்துச் சொல்ல அசோக் நகரில் நீ வேண்டும்.

கடைசியாக, பத்திரமாக இருக்கச் சில வார்த்தை. இணையத்தில் எழுதுவது பள்ளியின் கணக்கிலிருந்து, டீச்சர் பக்கத்தில் இருக்கும்போது. உன் வீட்டு முகவரி, கைபேசி எண், புகைப்படம் எதுவும் பட்டியலில் வேண்டாம். கம்பும் நிழலும் போதும். யாராவது தனியாகப் பேசக் கூப்பிட்டால் உடனே பெரியவர்களிடம் சொல்.

இன்றே என்ன செய்யலாம்? அறிவியல் டீச்சரிடம் போய், தூரத்து ஊரில் ஒரு பள்ளியைத் தேடித் தரச் சொல். உறவினர் யாராவது யாழ்ப்பாணத்திலோ சிங்கப்பூரிலோ டொரன்டோவிலோ இருந்தால், அவர்கள் வீட்டுப் பிள்ளை படிக்கும் பள்ளியிலிருந்தே தொடங்கலாம். முதல் கடிதத்தில் நான்கு விஷயம் எழுது: நம் ஊர் எங்கே இருக்கிறது, எந்தத் தேதியில் அளப்போம், கம்பு எவ்வளவு உயரம், நிழலை எந்த இடம்வரை அளக்க வேண்டும்.

எழுதத் தயங்காதே. அவர்கள் உனக்கு உதவி செய்யப் போகிறார்கள் என்று மட்டும் நினைக்காதே. உன் விடைக்கு அவர்கள் எவ்வளவு தேவையோ, அவர்கள் விடைக்கு நீயும் அவ்வளவு தேவை. ஆகஸ்ட் 18 அன்று சிங்கப்பூரிலும் டொரன்டோவிலும் கம்பு பிடித்து நிற்பவர்கள், "நிழலே இல்லாத ஊரில் என்ன எண் வந்தது?" என்று தெரிந்துகொள்ளக் காத்திருப்பார்கள். அந்த எண்ணைச் சொல்ல அசோக் நகரில் நீதான் இருக்கிறாய்.